படுத்துப் பார்ப்பதா, வந்து போவதா

நான் மின்வாரியத்தில் லைன்மேன். தக்கலைப் பக்கம் ஒரு பிரிவு அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் கம்பம் ஏறியிருக்கிறேன். அதில் கடைசி ஆறு வருடம் காலையில் குடிக்காமல் எனக்குக் கை நின்றதில்லை. பல் தேய்த்தால் பிரஷ் உதட்டில் இடிக்கும். சட்டைப் பொத்தான் துளைக்குள் போகாது. கிணற்று மோட்டாரை மூடியிருந்த தகரப் பெட்டிக்குள் ஒரு குவாட்டர் எப்போதும் இருக்கும். மோட்டார் போடப் போவதுபோலப் போய், பாதியை வாயில் ஊற்றிவிட்டு கொஞ்ச நேரம் நின்றால் கை நிதானத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு நான் நல்ல தொழில்காரன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வெளியில் பார்க்கிறவர்களுக்கு நான் குடிகாரன் இல்லை. ரோட்டில் விழுந்து கிடந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு ஆலயத்துக்குப் போவேன். மனைவி மேல் கை ஓங்கியதில்லை. இதையெல்லாம் யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கென்று மனசுக்குள் வைத்திருந்தேன். மனைவி தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒரே மகள், அப்போது பத்தாம் வகுப்பு. இரண்டு பேரும் என்னிடம் அளவாகப் பேசுவார்கள். அதுதான் வீட்டின் அமைதி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கியிருந்த ஒரு காலையில் அது நடந்தது. ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் மரம் ஒடிந்து கம்பியில் விழுந்திருந்தது. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த கூட்டாளி கம்பம் ஏற வேண்டும். நான் முக்கால் கிலோமீட்டர் தள்ளி டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போய் லைனை நிறுத்திவிட்டு அவனுக்குப் போன் செய்ய வேண்டும். அன்று காலை தகரப் பெட்டியில் பாட்டில் இல்லை. கை ஆடிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிற வழியில், சட்டவிரோதமாகச் சரக்கு விற்கிற ஒரு வீடு எனக்குத் தெரியும். முதலில் அங்கே போனேன். அங்கே நிற்கும்போது கூட்டாளியிடமிருந்து போன் வந்தது.

"ஆஃப் பண்ணியாச்சா?"

"ஆச்சு," என்றேன். கையில் டம்ளர் இருந்தது. இரண்டு நிமிடத்தில் போய் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அவன் ஏறினான். கம்பியைத் தொடுவதற்கு முன், யார் என்ன சொன்னாலும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது அவனுடைய வழக்கம். டெஸ்டரில் விளக்கு எரிந்தது, கம்பியில் கரண்ட் இருந்தது. அவன் இறங்கிவிட்டான். நான் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தபோது மழையில் கம்பத்தின் அடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"எனக்க பிள்ளைகளுக்கு நீ என்னலே பதில் சொல்லுவே?" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாற்றம் தெரியும்.

"நான் மேல எழுதிக் குடுக்கல்ல. ஆனா நாளைக்கே நீ டாக்டர்ட்ட போகணும். போகல்லன்னா எழுதுவேன். உனக்க வேல போனாலும் எனக்குக் கவல இல்ல."

மறுநாள் மனைவியோடு நாகர்கோவிலுக்குப் போனேன். நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. "சும்மா ஒரு செக்கப்" என்றேன். குடிநோய்க்குப் பார்க்கிற டாக்டர் என்று பெயர்ப் பலகையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மருத்துவர் ஐம்பது வயது தாண்டிய பெண்மணி. குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"ஒரு குவாட்டர் இருக்கும்." மூன்றுக்குக் குறைந்த நாள் கிடையாது.

"காலையில எழுந்ததும் குடிக்கணும்னு தோணுமா? கை நடுங்குமா?"

"இல்ல."

"நிறுத்தினப்போ எப்பவாவது ஃபிட்ஸ் வந்திருக்கா?"

"இல்ல டாக்டர்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தேர்தலுக்காக மதுக்கடைகளை அடைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் குளியலறையில் விழுந்தேன். நாக்கைக் கடித்திருந்தேன். சோப்பு வழுக்கிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். மருத்துவர் ஃபிட்ஸ் என்று கேட்டபோது அவள் தலை என் பக்கம் திரும்பியது. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டுப் பேசினார். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வீட்டிலிருந்தே பார்க்கிறது. முதல் பத்து நாள் தினமும் இங்க வரணும். மாத்திரையை உங்க மனைவி கையால தரணும். இன்னொண்ணு, ஆஸ்பத்திரியில படுத்துப் பார்க்கிறது. நீங்க சொல்ற அளவுதான்னா வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதுக்கும் கூடுதலா குடிக்கிற ஆள்னா திடீர்னு நிறுத்தும்போது ஃபிட்ஸ் வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். அதனாலதான் இவ்வளவு கேட்கிறேன்."

"வந்து போறேன் டாக்டர்," என்றேன், அவர் முடிப்பதற்குள்.

காரணங்களை அடுக்கினேன். மழைக்காலம், லீவு கிடைக்காது. பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு. எல்லாமே உண்மையான காரணங்கள். ஆனால் உண்மையான காரணம் அவற்றில் இல்லை. படுத்துவிட்டால் எனக்குக் குடிநோய் என்று ஆகிவிடும். வந்து போனால், பல் வலிக்குப் போகிறவன் மாதிரி போய் வரலாம். அப்புறம், அந்தத் தகரப் பெட்டி வீட்டில்தான் இருந்தது.

மனைவி மெதுவாக, "படுத்துப் பாத்தா நல்லதில்லியா?" என்றாள்.

நான் அவளைப் பார்த்த பார்வையில் அவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். மருத்துவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு குவாட்டர் குடிக்கிறவனுக்கு எழுத வேண்டிய மாத்திரைகளை எழுதினார். அவர் கையில் இருந்தது நான் கொடுத்த விவரம் மட்டுமே.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நான் நிஜமாகவே நிறுத்தினேன். அன்று வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறக்கவில்லை. கம்பத்தடியில் நனைந்துகொண்டிருந்த அவனுடைய முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. என்னிடம் மனசு இல்லாமல் இல்லை. நாணயம்தான் இல்லை.

இரண்டாம் நாள் காலை மருத்துவமனைக்குப் போக பஸ்ஸில் ஏறினோம். வில்லுக்குறி தாண்டியதுவரை எனக்கு நினைவிருக்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் கை பாட்டுக்கு ஆடுவதுபோல ஆடியது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மனைவி சொல்லித்தான் தெரியும். நான் ஒரு சத்தம் போட்டேனாம், மாடு கத்துவதுபோல. உடம்பு விறைத்து சீட்டிலிருந்து சரிந்து, நடைபாதையில் கை கால் வெட்டி இழுத்ததாம். யாரோ என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ஒரு பெண் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருக்கிறார்கள். என் பேன்ட் நனைந்துவிட்டது. டிரைவர் வழியில் எங்கும் நிறுத்தாமல் பஸ்ஸை நேராக மருத்துவமனை வாசலுக்கே கொண்டுபோனார். அந்த டிரைவர் யாரென்று பிறகு விசாரித்தேன். தெரியவில்லை.

அவசரப் பிரிவில் மருத்துவர் ஓடி வந்திருக்கிறார். அவரிடம் மனைவி சொன்னது: "அவரு சொன்னதெல்லாம் கள்ளம் டாக்டர். மூணு குவாட்டர். காலையிலயும் உண்டு. முன்ன ஒருக்கா இப்பிடி விழுந்திருக்காரு. நானும் பக்கத்தில இருந்து கேட்டுட்டு சும்மா இருந்தேன்."

மருத்துவர் அவளைத் திட்டவில்லையாம். "இப்போ சொன்னீங்களே," என்றாராம். அன்றே என்னை உள்நோயாளியாகச் சேர்த்தார்கள்.

அடுத்த மூன்று நாட்கள் என் வாழ்க்கையில் கணக்கில் இல்லாதவை. கூரையில் கம்பிகள் ஓடுவதைக் கண்டேன். எல்லாவற்றிலும் மின்சாரம். ஊசி போட வந்த நர்சிடம் தொடாதே தொடாதே என்று அலறினேன். ஒரு முறை கட்டிலின் மேல் ஏறி நின்று ஜன்னலைப் பிடித்து ஏறப் பார்த்தேனாம். துணியால் கையைக் கட்டிலோடு கட்டினார்கள். அந்த மூன்று நாளும் மனைவி என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். மகளைத் தன் அக்காள் வீட்டில் விட்டிருந்தாள். அலுவலகத்துக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தாள்.

நான்காம் நாள் எனக்குப் பசித்தது. எட்டாம் நாள் மருத்துவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"உடம்பு தெளிஞ்சாச்சு. இனிமேதான் வைத்தியமே. இதுக்கும் ரெண்டு வழி உண்டு. வீட்டுக்குப் போய் வாரா வாரம் என்னைப் பார்க்க வரலாம். இல்லேன்னா ஒரு மாசம் மறுவாழ்வு இல்லத்தில இருக்கலாம். பூதப்பாண்டி தாண்டி மலையடிவாரத்தில ஒண்ணு இருக்கு. யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கமாட்டாங்க. நீங்க கையெழுத்து போடணும்."

அவர் போன பிறகு நான் மனைவியிடம், "இனி நான் தொடமாட்டேன். சத்தியமா. வீட்டுக்குப் போகலாம்," என்றேன். நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவள் அழவில்லை. டிபன் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தவள் மூடியைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"நீங்க தொடமாட்டிய. சரி. நான் நம்புதேன்னே வச்சுக்கிடுங்க. ஆனா வீட்டுக்கு வந்தா நான் என்ன செய்வேன் தெரியுமா? நீங்க கிணத்தங்கரைக்குப் போனா எனக்க காது பின்னால வரும். குளிக்கப் போனா வரும். பள்ளியில பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கும்போதும் எனக்க காது வீட்டிலதான் கிடக்கும். ஆறு வருசமா அப்பிடித்தான். எனக்கு ஒரு மாசம் வேணும்."

"எனக்கா, உனக்கா?"

"எனக்கு," என்றாள். "உங்களுக்கு வேணுமா வேண்டாமான்னு நீங்க டாக்டர்ட்ட பேசுங்க. எனக்கு வேணும்."

அதுவரை இந்த விஷயத்தில் நோயாளி நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். படுப்பதா வந்து போவதா என்பது என் உடம்பை, என் மானத்தை, என் லீவைப் பொறுத்தது என்று. வீட்டிலிருந்து வைத்தியம் பார்ப்பது என்றால் அந்த வீட்டில் இன்னொருத்தி இரவும் பகலும் நர்ஸாக, போலீஸாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று முழுவதும் நான் அவளோடு பேசவில்லை. கோபம்தான். மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டேன். கோணலாகத்தான் விழுந்தது.

அந்த இல்லத்தில் பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. காலையில் எழுந்து கஞ்சி குடிப்போம். பாத்திரம் கழுவுவோம். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் பேச வேண்டும். முதல் சில நாள் நான் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு, இவர்களெல்லாம் குடிகாரர்கள், நான் எப்படி இங்கே வந்தேன் என்று யோசித்தேன். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். பொறுப்பாளர், "மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார்.

என் பக்கத்துக் கட்டிலில் கடற்கரை ஊர்க்காரன் ஒருவன் இருந்தான். மீன் பிடிக்கப் போகிறவன், என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். நான் பையில் துணி வைப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நான் நாலாம் வட்டம் வந்திருக்கேன் அண்ணே. மூணு தடவையும் ஒரு நாள் குறையாம இருந்துட்டுத்தான் போனேன். இஞ்ச இருக்கிறது ஒரு பாடும் கிடையாது. வீட்டுக்குப் போனப்புறம் வாரா வாரம் டாக்டரப் போய்ப் பாரும்பாங்க. போகமாட்டேன். சரியாயிட்டுல்லா, இனி எதுக்குன்னு இருந்துருவேன். அதிலதான் மூணு தடவையும் விழுந்தேன்."

மத்தியானம் சாப்பிட்டேன். தூங்கிவிட்டேன். எழுந்தபோது வெயில் இறங்கிவிட்டது, அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. இதைவிடப் பெரிய காரணம் சொல்ல என்னிடம் இல்லை. பத்தாம் நாளோ என்னவோ, வட்டத்தில் என் முறை வந்தபோது அந்த மழைக்காலைக் கதையைச் சொன்னேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு "ஆச்சு" என்று சொன்னதை. எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

ஊரில் நான் சென்னைக்கு டிரெய்னிங் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். மஞ்சள் காமாலை அலுவலகத்துக்கு, சென்னை ஆலயத்துக்கு. திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் என்னைப் பிடித்து, அங்கே வெயில் எப்படி, தண்ணீர்க் கஷ்டம் உண்டா என்று விசாரித்தார். நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். பொய் சொல்வது எவ்வளவு சரளமாக வருகிறது என்று எனக்கே பயமாக இருந்தது. அடுத்த வாரம் அவரிடம் போய், சென்னை இல்லை, இன்ன இடம் என்று சொன்னேன். அவர் தர்மசங்கடமாகச் சிரித்துவிட்டு, "சொகமா இருந்தா போரும்," என்றார். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலர் ஜெபித்தார்கள். சிலர் எட்டி நின்றார்கள்.

அதற்குப் பிறகு மருத்துவரிடம் வந்து போனேன். முதலில் வாரா வாரம், பிறகு மாதம் இரண்டு தடவை. முன்பு சுலபமான வழி என்று நினைத்து நான் கேட்டு வாங்கியது இதுதான். இது சுலபமில்லை. இல்லத்தில் சுற்றிலும் ஆள் உண்டு, குடிக்க ஒன்றும் கிடையாது. வந்து போகிறவன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நான்கு மதுக்கடைகளைத் தாண்டி மருத்துவமனைக்கு நடக்க வேண்டும், அதே நான்கு கடைகளைத் தாண்டித் திரும்பி வர வேண்டும்.

பதினான்கு மாதம் கழித்து விழுந்தேன். கொட்டாரத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு வருகிற வழி. துக்கம் ஒன்றுமில்லை, தூரத்து உறவு. பஸ்ஸுக்கு நின்றவன் எதிரே இருந்த மதுக்கடைக்கு நடந்துபோய் வாங்கினேன். ஒன்பது நாள் குடித்தேன். பத்தாம் நாள் காலை, நானே மனைவியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த சாக்பீஸ் டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டு, "எவ்வளவு?" என்று கேட்டாள். சொன்னேன். "என்னைக்கு இருந்து?" சொன்னேன். "சரி, கிளம்புங்க," என்றாள். பள்ளிக்கு லீவு சொன்னாள்.

மருத்துவரிடம் ஒன்பது நாளையும் நாள் நாளாகச் சொன்னேன். "முன்ன ஃபிட்ஸ் வந்த ஆள். நான் துணிஞ்சு வீட்டுக்கு அனுப்பமாட்டேன். அஞ்சு நாள் படுங்க," என்றார். நான் லுங்கியும் பிரஷும் பையில் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். ஐந்து நாள் படுத்தேன். பிறகு மறுபடி வாரா வாரம். அது நடந்து நான்கு வருடம் ஆகிறது.

வேலைக்குத் திரும்பியதும் கூட்டாளியிடம் போய் நின்றேன். "உனக்ககூட நான் ஏறமாட்டேன்," என்றான். நியாயம்தான். நானாகவே கேட்டு அலுவலகத்தில் புகார் எழுதுகிற வேலைக்கு மாறிக்கொண்டேன். கரண்ட் போனால் போனில் நீங்கள் திட்டுகிறீர்களே, அந்த ஆள் நான்தான். கூட்டாளி மத்தியானம் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துதான் சோறு சாப்பிடுவான். அந்தக் காலையைப் பற்றி அவன் ஒரு நாளும் பேசியதில்லை. மன்னித்தேன் என்றும் சொன்னதில்லை. தன் பொரித்த மீனில் பாதியை என் டிபன் மூடியில் வைப்பான். அதற்கு என்ன அர்த்தம் என்று நானும் கேட்டதில்லை.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இல்லத்தில் இருந்த அந்த ஒரு மாதத்தில் அவள் ஒரு தடவை கூட என்னைப் பார்க்க வரவில்லை. மனைவி ஞாயிறுதோறும் வந்தாள். பிள்ளைக்குப் படிக்க இருக்கிறது என்பாள். நானும் நம்பியதாகக் காட்டிக்கொள்வேன். நான் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் மகள், நான் இருக்கிற அறைக்கு ஒரு வேலை இருந்தால்தான் வருவாள். இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். போன மாதம் லீவுக்கு வந்திருந்தாள். மனைவி ஆலயத்துக்குப் போயிருந்தாள். நானும் மகளும் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தோம்.

"அப்பா, அந்த மாசம் நான் பாக்க வரல்லன்னு உங்களுக்கு வருத்தம் உண்டா?"

முன்பு என்றால், அதெல்லாம் ஒன்றுமில்லை மக்கா என்று சொல்லியிருப்பேன்.

"உண்டு," என்றேன்.

அவள் கத்தியால் தோலைக் கீறி நீளமாக இழுத்தாள்.

"அம்மா வா வான்னு கூப்பிட்டா. நான்தான் வரல்ல. நீங்க அங்கேயே இருந்திட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன்," என்றாள். "அத உங்கட்ட சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்து."

"சொன்னது நல்லது," என்று மட்டும் சொன்னேன். அவள் உரித்த கிழங்கை என் பக்கம் தள்ளினாள். நான் துண்டு துண்டாக வெட்டிப் பானையில் போட்டேன்.